முதல் ஹேண்டி வாங்கப் போகிறீர்களா? வாட்டைக் கேட்காதீர்கள்!

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கும்போது நாம் எல்லோரும் கேட்கும் முதல் கேள்வி என்ன? "எத்தனை ஜிபி ரேம்?" என்பதுதான். அதை வைத்து என்ன வேலை செய்யப் போகிறோம் என்பதைப் பிறகுதான் யோசிக்கிறோம். கடிதம் டைப் செய்யவும் ரயில் டிக்கெட் எடுக்கவும் மட்டும் கம்ப்யூட்டரைப் பயன்படுத்துபவர், கேம்ஸ் ஆடுபவருக்கான கிராஃபிக்ஸ் கார்டைப் போட்டு வாங்கி வந்துவிடுவார். கடைக்காரருக்குச் சந்தோஷம். நமக்கு நஷ்டம்.

ஹாம் ரேடியோவிலும் இதே கதைதான். இங்கே கேள்வி மட்டும் மாறுகிறது: "எத்தனை வாட்?"

போன மாதம் பெருமுக்கல்லில் இருந்து என் சித்தி மகன் போன் செய்தான். "அண்ணா, ஹாம் பரீட்சை பாஸ் பண்ணிட்டேன். 10 வாட் வாக்கி டாக்கி ஒண்ணு பார்த்து வெச்சிருக்கேன். இனிமே புயல் வந்தா நேரா உன்கிட்டயே பேசிடலாம் இல்ல?" என்றான். நான் இருப்பது சென்னையில்.

அவன் ஏன் அப்படிக் கேட்டான் என்று எனக்குத் தெரியும். 2024 நவம்பர் 30-ந் தேதி இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தது. பக்கத்தில் உள்ள மயிலத்தில் ஒரே நாளில் சுமார் 50 செ.மீ. மழை கொட்டியது. எங்கள் ஊரில் கரண்ட் போனது, பிறகு செல்போனும் போனது. வீட்டில் எல்லோரும் நன்றாக இருக்கிறார்கள் என்ற ஒரு வரிச் செய்திக்காக நான் ஒன்றரை நாள் காத்திருந்தேன். அதனால் அவன் ஆசை நியாயமானது. ஆனால் அவன் தேர்ந்தெடுத்த செட் அந்த ஆசையை நிறைவேற்றாது. 10 வாட் அல்ல, 100 வாட் கொடுத்தாலும் நிறைவேற்றாது!

ஏன் என்று பார்ப்போம்.

ஹாம் ரேடியோ என்றால் என்ன?

பொழுதுபோக்காகவும் கற்றுக் கொள்வதற்காகவும், அரசிடம் லைசென்ஸ் வாங்கி, சொந்த ரேடியோ நிலையம் வைத்துப் பேசுவதே ஹாம் ரேடியோ. 12 வயது நிரம்பிய யாரும் மத்திய அரசின் டபிள்யூ.பி.சி. பிரிவு நடத்தும் பரீட்சையை எழுதலாம். அடிப்படை எலக்ட்ரானிக்சும் விதிமுறைகளும்தான் பாடம். ரெஸ்டிரிக்டட் கிரேடு என்ற ஆரம்ப நிலைக்கு மோர்ஸ் தந்தி முறை தேவையில்லை. பாஸ் செய்து லைசென்ஸ் பெற்றால் வி.யூ.3 என்று தொடங்கும் அழைப்புக் குறியீடு கிடைக்கும். முன்னாள் பிரதமர் ராஜீவ் காந்தியும் ஒரு ஹாம்தான்.

கையில் பிடித்துப் பேசும் சிறிய செட்டை ஹாம் நண்பர்கள் ஹேண்டி என்பார்கள். விலை குறைவு, சட்டைப் பையில் அடங்கும். ஆகவே புதியவர்கள் முதலில் வாங்குவது பெரும்பாலும் இதைத்தான்.

அந்தமான் கதையும் ஹேண்டியும்

2004 டிசம்பர் 26-ல் சுனாமி வந்தபோது, பாரதி பிரசாத் என்ற ஹாம் தலைமையிலான குழு போர்ட் பிளேரில் இருந்தது. ஹாம் ஒலிபரப்புக்காக அங்கே போனவர்கள் அவர்கள். மற்ற தொடர்புகள் அறுந்த நிலையில் அந்தமானின் செய்திகளை வெளியே கொண்டு வந்தார்கள். இந்தக் கதையைக் கேட்டுத்தான் பலர் ஹாம் ஆக விரும்புகிறார்கள். நானும் அப்படித்தான் வந்தேன்.

ஆனால் ஒரு விஷயத்தைக் கவனிக்க வேண்டும். அவர்கள் அதைச் செய்தது சிற்றலையில். சிற்றலை வானத்தில் உள்ள அயன மண்டலத்தில் பட்டுத் திரும்பி வரும். அதனால் ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் போகும். அதற்கான செட் வேறு, ஆன்டெனாவும் பெரியது.

நம் ஹேண்டி வேலை செய்வது 144 முதல் 146 மெகாஹெர்ட்ஸ் வரையிலும், 434 முதல் 438 மெகாஹெர்ட்ஸ் வரையிலும். இந்த அலைகள் டார்ச் வெளிச்சம் போல ஏறக்குறைய நேர்கோட்டில் போகின்றன. பூமியோ உருண்டை. எனவே தொடுவானத்தைத் தாண்டினால் அலை நம் தலைக்கு மேலே வானத்தில் போய்விடும்.

கால்குலேட்டரை எடுங்கள்

உங்கள் கம்ப்யூட்டரில் கால்குலேட்டரைத் திறந்து சயின்டிஃபிக் முறைக்கு மாற்றுங்கள். ஆன்டெனா இருக்கும் உயரத்தை மீட்டரில் எடுத்து, அதன் வர்க்கமூலத்தை 4.12-ஆல் பெருக்குங்கள். வருவதுதான் அந்த ஆன்டெனாவின் ரேடியோ தொடுவானம், கிலோமீட்டரில். பேசும் இருவருடைய தொடுவானத்தையும் கூட்டினால் அதிகபட்ச தூரம் கிடைக்கும்.

தெருவில் நிற்பவர் கையில் ஹேண்டி 1.5 மீட்டர் உயரத்தில் இருக்கும். தொடுவானம் 5 கிலோமீட்டர். இருவரும் தெருவில் நின்றால் 10 கிலோமீட்டர். இது வெட்டவெளிக் கணக்கு. நடுவில் மரம், வீடு, மேடு எல்லாம் வந்தால் பாதிகூடத் தேறாது.

ஆன்டெனா 10 மீட்டர் உயரத்தில் இருந்தால் 13 கிலோமீட்டர். 100 மீட்டர் உயர மலை மேல் நின்றால் 41 கிலோமீட்டர். இந்தக் கணக்கில் வாட் என்ற சொல்லே இல்லை பாருங்கள்!

சென்னை பெருமுக்கல்லில் இருந்து நேர்கோட்டில் பார்த்தாலும் 100 கிலோமீட்டருக்கு மேல். தம்பியின் கேள்விக்குப் பதில் இங்கேயே கிடைத்துவிட்டது.

மலை மேல் ஒரு சோதனை

சொன்னால் நம்ப மாட்டான் என்று, அடுத்த முறை ஊருக்குப் போனபோது என் 5 வாட் ஹேண்டியைக் கொண்டு போனேன். திண்டிவனத்தில் லைசென்ஸ் உள்ள நண்பர் ஒருவரைத் தன் வீட்டு மாடியில் இருக்கச் சொன்னேன். எங்கள் வீட்டு வாசலில் நின்று முழு 5 வாட்டில் கூப்பிட்டேன். இரைச்சல் மட்டுமே வந்தது.

பிறகு மலை ஏறினோம். உச்சியில் முக்தியாசலேஸ்வரர் கோயிலும் கோட்டையின் மிச்சங்களும் உள்ளன. 1760-ல் ஆங்கிலேயத் தளபதி ஐர் கூட் பிரெஞ்சுக்காரர்களிடமிருந்து பிடித்த கோட்டை இது. சுற்றிலும் வயல், ஏரி, கல் குவாரி எல்லாம் தெரிந்தன. ஹேண்டியில் சக்தியை 1 வாட்டாகக் குறைத்துவிட்டுக் கூப்பிட்டேன். நண்பரின் குரல் பக்கத்து அறையில் இருந்து பேசுவது போல வந்தது. தம்பி ஒன்றும் பேசவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, "அப்ப 10 வாட் வேண்டாமா அண்ணா?" என்றான்.

வேண்டாம். 5 வாட்டில் இருந்து 10 வாட்டுக்குப் போனால் 3 டெசிபல்தான் கூடும். எதிரில் கேட்பவரின் சிக்னல் மீட்டர் ஒரு படி ஏற 6 டெசிபல் வேண்டும், அதாவது நான்கு மடங்கு சக்தி. இரண்டு மடங்கு சக்தி கொடுத்தும் அரைப் படிதான். ஆனால் பாட்டரி மட்டும் சீக்கிரம் தீரும்.

சட்டத்தையும் பாருங்கள்

பாவ்ஃபெங் யூ.வி.-5ஆர் போன்ற செட்கள் 136 முதல் 174 மெகாஹெர்ட்ஸ் வரையிலும், 400-க்கு மேல் ஒரு பெரிய பரப்பிலும் வேலை செய்யும். "எல்லா சேனலும் வரும்" என்பது விளம்பரத்துக்கு நன்றாக இருக்கும். ஆனால் ஹாமுக்கு அனுமதி நான் மேலே சொன்ன இரண்டு சிறிய பகுதிகளில்தான். மற்ற இடங்களில் காவல்துறை, கப்பல், தனியார் நிறுவனம் என்று யார் யாரோ இருப்பார்கள். தவறிப் போய் அங்கே பட்டனை அழுத்தினாலும் குற்றம்தான்.

லைசென்ஸ் இல்லாமல் பயன்படுத்தக் கூடிய வாக்கி டாக்கிகளும் உண்டு. அவை 446.0 முதல் 446.2 மெகாஹெர்ட்ஸ் வரை, மிகக் குறைந்த சக்தியில் இயங்குபவை. 2018 விதிகள் அதற்கு இடம் கொடுத்தன. இரண்டையும் குழப்பிக் கொள்ளக் கூடாது. அனுமதி விவரம் சொல்லாமல் வாக்கி டாக்கி விற்றதற்காக 2025 மே மாதம் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் ஆன்லைன் விற்பனைத் தளங்களுக்கு 13 நோட்டீஸ் அனுப்பியது. பிறகு தனி வழிகாட்டு நெறிமுறையே வந்தது.

ஆகவே முதலில் லைசென்ஸ், பிறகு செட். வாங்கும்போது பில், மாடல் எண், டபிள்யூ.பி.சி. ஒப்புதல் மூன்றையும் கேளுங்கள். வெளிநாட்டில் இருந்து வரும் உறவினரிடம் "ஒரு செட் வாங்கி வா" என்று சொல்லிவிடாதீர்கள். ரேடியோ செட் இறக்குமதிக்கும் அனுமதி தேவை.

பிறகு எதைத்தான் வாங்குவது?

என் கருத்து இதுதான். இரண்டு பட்டைகளிலும் வேலை செய்யும், 5 வாட், சாதாரண எஃப்.எம். ஹேண்டி போதும். டி.எம்.ஆர்., டி-ஸ்டார், சி4எஃப்எம் என்று டிஜிட்டல் முறைகள் பல இருக்கின்றன. ஒரு முறையில் பேசினால் இன்னொரு முறை செட்டில் புரியாது. உங்கள் பகுதி ஹாம்கள் எதில் பேசுகிறார்கள் என்று தெரியாமல் அதில் பணத்தைப் போட வேண்டாம். எஃப்.எம். எல்லோரிடமும் இருக்கும்.

மிச்சப் பணத்தை இப்படிச் செலவு செய்யுங்கள்.

1. இரண்டாவது பாட்டரி. 5 வாட்டில் பேசும்போது ஹேண்டி சுமார் ஒன்றரை ஆம்பியர் இழுக்கும். 1800 எம்.ஏ.எச். பாட்டரியில் தொடர்ந்து பேசினால் ஒரு மணி நேரத்துக்குச் சற்று மேல்தான் வரும். கடையில் கிடைக்கும் சாதாரணப் பென் டார்ச் செல்களைப் போடும் பெட்டி அந்த மாடலுக்குக் கிடைக்கிறதா என்று பாருங்கள். கரண்ட் இல்லாத மூன்று நாளில் அதன் அருமை தெரியும்.

2. மாடி ஆன்டெனா. செட்டோடு வரும் குட்டை ரப்பர் ஆன்டெனா வசதிக்காக வைத்தது, திறமைக்காக அல்ல. பழைய டி.வி.க்குப் போடும் தட்டையான 300 ஓம் வயரிலேயே ஜே-போல் ஆன்டெனா செய்து மாடியில் தொங்கவிடலாம். கேபிள் நீளத்தைக் குறைவாக வையுங்கள். 10 மீட்டர் ஆர்.ஜி.-58 கேபிளே சக்தியில் மூன்றில் ஒரு பங்கைத் தின்றுவிடும்.

3. புரோகிராமிங் கேபிள். இங்கேதான் உங்கள் புதுக் கம்ப்யூட்டருக்கு வேலை.

கம்ப்யூட்டரில் செட் செய்யுங்கள்

ஹேண்டியின் சிறிய பட்டன்களில் சேனல்களைப் பதிவு செய்வது பெரிய தலைவலி. சிர்ப் என்ற இலவச மென்பொருளில் எக்செல் தாள் போல வரிசையாக டைப் செய்துவிடலாம். உங்கள் மாடல் அதன் பட்டியலில் இருக்கிறதா என்று வாங்கும் முன்பே பாருங்கள்.

கேபிளைச் செருகியதும் டிவைஸ் மேனேஜரில் எந்த காம் போர்ட் எண் வருகிறது என்று குறித்துக் கொள்ளுங்கள். எண் வராமல் மஞ்சள் அடையாளம் தெரிந்தால் டிரைவர் சரியில்லை என்று அர்த்தம். முதல் வேலையாக செட்டில் உள்ளதை அப்படியே கம்ப்யூட்டருக்கு இறக்கி ஒரு காப்பி சேமித்துவிடுங்கள். பிறகுதான் மாற்றம் செய்ய வேண்டும். நான் அவசரத்தில் இதைச் செய்யாமல் ஒரு முறை முழு இரவையும் வீணடித்தவன்.

ரிப்பீட்டர் என்ற உயரமான இடத்து மறு ஒலிபரப்பு நிலையம் உங்களுக்கு எட்டுமானால், அதன் அதிர்வெண், 600 கிலோஹெர்ட்ஸ் இடைவெளி, டோன் மூன்றையும் பதிவு செய்யுங்கள். 145.800 மெகாஹெர்ட்சையும் ஒரு சேனலில் வையுங்கள். சர்வதேச விண்வெளி நிலையத்தில் இருந்து வரும் ஹாம் குரல் அதில்தான் கேட்கும். 2025 ஜூலையில் சுபான்ஷு சுக்லா அங்கிருந்து ஹாம் ரேடியோ மூலம் மாணவர்களிடம் பேசினார். 400 கிலோமீட்டர் தூரத்தில் உள்ள விண்வெளி நிலையம் ஹேண்டியில் கேட்கும், 15 கிலோமீட்டரில் உள்ள நண்பர் கேட்க மாட்டார். நடுவில் மறைப்பு இல்லை என்பதுதான் வித்தியாசம்.

தம்பியின் கேள்விக்குப் பதில்

அடுத்த புயலில் அவன் என்னோடு பேச முடியாதா? நேராக முடியாது. மலை ஏறியும் பயனில்லை. புயலிலும் இடியிலும் யாரும் மலை ஏறக் கூடாது என்பது வேறு விஷயம்.

ஆனால் அவன் வீட்டு மாடியில் 10 மீட்டர் உயரத்தில் ஓர் ஆன்டெனா, திண்டிவனம் நண்பர் மாடியில் அதே உயரத்தில் இன்னொன்று. 13-ம் 13-ம் 26 கிலோமீட்டர். திண்டிவனம் அதில் பாதித் தூரம்தான். நண்பரிடம் சிற்றலை செட் இருக்கிறது. சென்னையில் நானும் கேட்டுக் கொண்டிருப்பேன். "வீட்டில் எல்லோரும் நலம்" என்ற ஒரு வரி இரண்டே தாவலில் வந்து சேரும். பேரிடரில் மற்ற தொடர்புகள் அறுந்தால் அரசு அதிகாரிகளின் அவசரச் செய்திகளைக் கொண்டு போகவும் ஹாம்களுக்கு விதியில் இடம் உண்டு. அதற்கும் இந்த மாடி ஆன்டெனாவே உதவும்.

ஆகவே செட் வாங்கும் முன் கடைக்காரரிடம் "எத்தனை வாட்?" என்று கேட்காதீர்கள். "என் மாடியில் இருந்து யாருக்குக் கேட்கும்?" என்று உங்கள் ஊர் ஹாம்களிடம் கேளுங்கள். மூன்று பேர் பெயர் கிடைத்துவிட்டால் எந்தச் செட் வாங்கினாலும் லாபம்தான். ஒருவர் பெயரும் கிடைக்கவில்லையா? பக்கத்து வீட்டுப் பையனையும் பரீட்சை எழுதச் சொல்லுங்கள்!

தம்பி 10 வாட் ஆசையை விட்டுவிட்டான். லைசென்ஸ் வரும் வரை ஜே-போல் செய்து கொண்டிருக்கிறான். மழைக்காலத்துக்கு முன் அது மாடி ஏறிவிடும்.