எலும்பை விற்று மெடல் வாங்கும் கூட்டம்

விடிகாலை அஞ்சரை மணிக்கு பெசன்ட் நகர் பீச் பக்கமோ கோவை ரேஸ்கோர்ஸ் பக்கமோ போய், ஓடுகிறவர்கள் பேசுவதைக் கொஞ்சம் ஒட்டுக் கேளுங்கள். "ரெண்டு கிலோ இறக்கினா போதும் மச்சி, டைமிங் தானா வரும்." "வெறும் பிளாக் காபிதான், ஓடிட்டு பதினோரு மணிக்குத்தான் டிபன்." "சோத்தை நிறுத்தி மூணு மாசம் ஆச்சு." சொல்கிறவர் முகத்தில் பெருமை வேறு. 'அப்புறம் எதை வெச்சுப்பா ஓடறே?' என்று மட்டும் யாரும் திருப்பிக் கேட்பதில்லை.

நான் கேட்கிறேன். நான் டாக்டர் இல்லை, பி.காம் படிக்கிறவன். ஆனால் மக்களே, இது முதலில் கணக்கு சமாச்சாரம். மருத்துவம் அதற்கப்புறம்தான்.

ஒரு கிலோமீட்டர் ஓட, கிலோ எடைக்குச் சுமார் ஒரு கலோரி செலவாகும். 55 கிலோ எடையுள்ள பெண் ஒருவர் தினமும் 10 கிலோமீட்டர் ஓடுகிறார், 1600 கலோரி சாப்பிடுகிறார் என்று வையுங்கள். பார்க்கிறவர்களுக்கு அது பட்டினியாகவே தெரியாது. "நல்லாத்தானே சாப்பிடறா" என்பார்கள். ஓட்டத்துக்கு 550 போக மிச்சம் 1050. கொழுப்பைக் கழித்த அவர் எடை 42 கிலோ என்றால், கிலோவுக்குக் கிடைப்பது 25 கலோரி. இதயம், மூளை, ஹார்மோன், எலும்பு ரிப்பேர் எல்லாம் இந்த 25-க்குள் நடக்க வேண்டும். இது 45 பக்கம் இருப்பது நல்லது, 30-க்குக் கீழே போனால் ஆபத்து என்பது இத்துறை ஆய்வாளர்கள் பல வருடமாகச் சொல்லும் கணக்கு. (30 என்பது எல்லோருக்கும் ஒரே கோடு அல்ல, ஆளுக்கு ஆள் மாறும்.)

பற்றாக்குறை வந்தால் உடம்பு என்ன செய்யும்? இதயத்தை நிறுத்த முடியாது. உடனே தேவைப்படாத இலாகாக்களுக்கு நிதியை வெட்டும். முதலில் மாட்டுவது இனப்பெருக்க ஹார்மோன்களும் எலும்பும்தான். 2004-ல் வந்த ஓர் ஆய்வில், இளம்பெண்களுக்கு இந்த மிச்சத்தை ஐந்தே நாள் குறைத்துப் பார்த்தார்கள். 30-க்குக் குறைத்தபோதே எலும்பு கட்டும் வேலை சரிந்தது. 10-க்கு இறக்கியபோது எலும்பைக் கரைக்கும் வேலையும் ஏறியது. ஐந்து நாளுக்கே இப்படி என்றால், "சோத்தை நிறுத்தி மூணு மாசம்" ஆன ஆளை நினைத்துக்கொள்ளுங்கள்.

சர்வதேச ஒலிம்பிக் கமிட்டி 2014-ல் இதற்கு 'ரெட்-எஸ்' என்று பெயர் வைத்தது. பெண்களுக்கு மட்டும் வரும் பிரச்சினை இல்லை, ஆண்களுக்கும் உண்டு என்பது அதில் முக்கியமான செய்தி. ஆண்களுக்கு டெஸ்டோஸ்டிரோன் இறங்கும், எலும்பும் சேர்ந்து இறங்கும். பெண்களுக்காவது மாதவிடாய் நின்றால் மணி அடித்த மாதிரி. பசங்களுக்கு அந்த மணியும் கிடையாது. ஆனால் மணி அடித்தாலும் நம்மவர்கள் "டிரெயினிங் ஹெவி, அதான் தள்ளிப் போகுது, நல்லதுதான்" என்கிறார்கள். என்ன கொடுமை இது! மூன்று மாதம் வரவில்லை என்றால் அது டாக்டரிடம் போக வேண்டிய விஷயம்.

மேரி கெய்ன் என்ற அமெரிக்கப் பெண், 17 வயதில் 2013 உலகத் தடகளப் போட்டியின் 1500 மீட்டர் இறுதிச் சுற்று வரை போனவர். ஒல்லியாகு, இன்னும் ஒல்லியாகு என்று தன்னை நெருக்கினார்கள், மூன்று வருடம் மாதவிடாய் நின்றது, ஐந்து எலும்புகள் உடைந்தன என்று 2019-ல் வெளிப்படையாகச் சொன்னார். உலகத் தர வசதிகள் சுற்றி இருந்தவருக்கே அந்தக் கதி. நமக்கு இருப்பது ஒரு வாட்சப் குரூப்பும் அதில் வரும் டயட் சார்ட்டும்!

இன்னொரு கோஷ்டி, கிலோமீட்டர் வெறியர்கள். போன வாரம் 20, இந்த வாரம் 45. 1855-லேயே பிரைட்ஹாப்ட் என்ற பிரஷ்ய ராணுவ மருத்துவர், நீண்ட அணிவகுப்புக்குப் பின் சிப்பாய்களின் பாதம் வீங்கி வலிப்பதை எழுதி வைத்தார். எக்ஸ்ரே கண்டுபிடித்ததே 1895-ல்தான். அதற்குப் பிறகுதான் அது எலும்பு விரிசல் என்று தெரிந்தது. இன்று அதைத்தான் ஸ்ட்ரெஸ் பிராக்சர் என்கிறோம். எலும்பு தன்னைப் புதுப்பிக்கும்போது பழையதை அரித்தெடுக்கச் சில வாரம், புதியதைக் கட்டச் சில மாதம். இடைப்பட்ட காலத்தில் அந்த இடம் பலவீனம். அந்த நேரத்தில் பாரத்தை இரண்டு மடங்காக்கி, சாப்பாட்டையும் வெட்டினால் விரிசல் விழாமல் என்ன செய்யும்?

எங்கள் காலேஜில் ஒரு சீனியர் அக்கா, ஹாஃப் மாரத்தானுக்கு ஆறு வாரம் இருக்கும்போது காலில் வலி என்றார். பயிற்சி கொடுத்தவர், "வலிச்சாத்தான் உடம்பு ஏறும். இன்னும் ரெண்டு கிலோ குறைம்மா, கால்ல பாரம் குறையும்" என்றார். எக்ஸ்ரேயில் ஒன்றும் தெரியவில்லை (ஆரம்ப வாரங்களில் தெரியாமல் போவது சகஜம்). எம்.ஆர்.ஐ.யில் விரிசல். அக்கா ஊன்றுகோலோடு வந்து செமஸ்டர் எழுதினார். பயிற்சியாளர் அடுத்த பேட்ச்சுக்கு அதே வசனத்தைச் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

"ஓடினால் எலும்பு பலமாகும்னுதானே சொல்றாங்க?" ஆமாம். ஓட்டம் என்பது எலும்புக்குப் போகும் ஆர்டர். செங்கல், சிமெண்ட் வராமல் ஆர்டர் மட்டும் வந்தால் கொத்தனார் என்ன செய்வார்? அதோடு ஒரே மாதிரி அடி ஆயிரக்கணக்கில் விழும்போது எலும்பு அந்த ஆர்டரைக் கண்டுகொள்ளாமல் விட்டுவிடும். குதிப்பது, ஸ்குவாட், எடை தூக்குவது ஆகியவற்றுக்கு அது நன்றாகவே பதில் சொல்லும். வாரம் இரண்டு நாள் போதும். ஆனால் நம்ம ஆட்களுக்கு அது "டைம் வேஸ்ட்".

"கால்சியம் மாத்திரை போடறேனே?" போடுங்கள், ஆனால் மொத்த வரவு பற்றாக்குறையை ஒரு மாத்திரை சரிக்கட்டாது. பெரியவர்களுக்குத் தினம் 1000 மில்லிகிராம் கால்சியம் வேண்டும் என்கிறது ஐ.சி.எம்.ஆரின் 2020 பரிந்துரை. 100 கிராம் கேழ்வரகு மாவில் சுமார் 350 இருக்கிறது, ஒரு தம்ளர் பாலில் 240 பக்கம். நீங்கள் "கார்ப்" என்று ஒதுக்குகிற கூழிலும், "கொழுப்பு" என்று ஒதுக்குகிற தயிரிலும்தான் இருக்கிறது சாமி!

கம்பெனிச் சட்டத்தில் ஒரு பாடம் உண்டு. தேய்மானத்தை ஒதுக்காமல், மூலதனத்தில் கைவைத்து டிவிடெண்ட் கொடுக்கக் கூடாது. வெளியே பார்க்க லாபம், உள்ளே கம்பெனி காலி. பட்டினி கிடந்து ஓடி, ஐந்து நிமிடம் குறைத்து, மெடலோடு போட்டோ போடுவது இதேதான்.

இதில் வயதுக் கணக்கும் உண்டு. எலும்பில் மூலதனம் சேர்வது ஏறக்குறைய இருபதுகளின் கடைசி வரைதான். அப்புறம் காப்பாற்றலாம், பெரிதாகச் சேர்க்க முடியாது. என் வகுப்பில் இருக்கிற எல்லோருக்கும் இன்னும் சில வருடம்தான் பாக்கி.

அதனால் ஓடுங்கள், தாராளமாக ஓடுங்கள். கிளம்பும் முன் ஒரு வாழைப்பழமாவது உள்ளே போகட்டும். வந்ததும் இட்லியோ முட்டையோ உடனே சாப்பிடுங்கள். எலும்பில் ஒரே புள்ளியில் விரல் வைத்துக் காட்டும்படி வலித்தாலோ, ஓடும்போது இடுப்பு மடிப்பில் வலித்தாலோ, அன்றே நிறுத்திவிட்டு டாக்டரைப் பாருங்கள். யாராவது "இன்னும் ரெண்டு கிலோ" என்று ஆரம்பித்தால், அந்த ரெண்டு கிலோவில் எலும்பு எத்தனை கிராம் என்று கேளுங்கள்.