பொதியும் உறுதியும்

யாழ்ப்பாண வீதியும் குருநாகல் வீதியும் பிரியும் கட்டுகஸ்தோட்டைச் சந்தியில் நிற்போர்க்கு நம்மவர் ஈகையின் இயல்பு நன்கு விளங்கும். 2025 நவம்பர் இறுதியில் டித்வாப் புயல் மலைநாட்டைச் சிதைத்தது. மகாவலி கரைபுரண்டது, மலை சரிந்து குடும்பங்கள் புதையுண்டன, தீவெங்கும் அறுநூற்றுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். அரிசியும் பருப்பும் ஏற்றிய வண்டிகள் அணியணியாக வந்தன. பசித்த வயிற்றுக்குச் சோறிட்ட கைகளை நாம் வணங்குகின்றோம். (பதாகையும் படப்பிடிப்பாளருமாக வந்தோரும் உளர், அவர்களைப் பற்றி எழுதித் தாளை வீணாக்க விரும்பவில்லை.) ஆனால், பொதி தீர்ந்த மறுநாள் என்ன?

தோட்டத் தொழிலாளி மீண்டும் அதே சரிவுக்கு, அதே லயன் அறைக்குத்தான் திரும்பவேண்டும். நிலம் அரசுக்குரியது, 1992 முதல் நிர்வாகம் கம்பனிகளின் கையில். இரு நூற்றாண்டுகளாக இம்மலைகளைப் பொன்விளையும் பூமியாக்கிய மக்களுள் பெரும்பான்மையோர்க்கு இன்றும் காணி உறுதி இல்லை. நிர்வாகத்தின் அனுமதியின்றி ஒரு சுவர் எழுப்பவும் இயலாதவன், ஆபத்தான மேட்டை விட்டுத் தானாகப் பெயர்வது எங்ஙனம்? அவனுக்கு ஆண்டுதோறும் கம்பளி வழங்குவது தருமமெனில், அவனை என்றும் கம்பளி வாங்குபவனாகவே வைத்திருப்பதற்கு என்ன பெயர்?

வேறு வழி காட்டியவர்கள் இந்நாட்டிலேயே வாழ்ந்தனர். 1958இல் நாலந்தாக் கல்லூரி ஆசிரியர் ஆரியரத்ன, தம் மாணவரைத் தீண்டத்தகாதோர் எனத் தள்ளப்பட்டோர் வாழ்ந்த கனத்தொலுவைக் கிராமத்துக்கு அழைத்துச் சென்றார். அவர்கள் அம்மக்களுடன் உண்டு, உறங்கி, ஒன்றாக உழைத்தனர். சர்வோதய சிரமதானம் பிறந்தது அவ்வாறே. கண்டியில் 1972இல் சத்தியோதயத்தை நிறுவிய போல் கஸ்பர்ஸ் அடிகளார், தோட்ட மக்களின் உரிமைக்காகத் தம் வாழ்நாளையே செலவிட்டார். இருவரும் மக்களிடம் முதலில் கேட்டனர், பின்னரே கொடுத்தனர்.

நம் வைத்தியரும் சட்டத்தரணியும் பொறியியலாளரும் காசோலையோடு கடமையை முடித்துக்கொள்ளலாகாது. சட்டத்தரணி மாதம் ஒருநாள் தோட்டத்தில் அமர்ந்து காணி மனுக்களை எழுதித் தரட்டும். நிலஅளவையாளர் பாதுகாப்பான நிலத்தை அடையாளங் காட்டட்டும். கமக்காரர் விதையும் நாற்றும் தருவதோடு, சிங்கள, முஸ்லிம் அயலவரையும் கூட்டிச் சிரமதானத்துக்கு வரட்டும். தோட்டந்தோறும் தொழிலாளரே, சிறப்பாகப் பெண்களே, பெரும்பான்மையாயமைந்த குழு கணக்கைக் கையாளட்டும். அடுத்த பெருமழைக்குமுன் ஒரு தோட்டத்திலேனும் இதனைத் தொடங்குமாறு கண்டி மாவட்டத் தமிழ்ச் சங்கங்களையும் ஆலய அறங்காவலரையும் கேட்டுக்கொள்கின்றோம்.