அரசுடைமை மக்களுடைமை ஆகுமா?

இலங்கையின் முதற் தொலைக்காட்சி நிலையம் 1979 ஏப்ரல் 13 ஆம் நாள் கொழும்பின் புறத்தேயுள்ள பன்னிப்பிட்டியில் பிறந்தது. ஷான் விக்கிரமசிங்கவும் அனில் விஜேவர்தனவும் அதனை நிறுவினர். பரப்பியின் வலு சிறிது; கொழும்பையும் சுற்றுப்புறத்தையும் கடந்து அதன் ஒளி செல்லவில்லை. பெயர் மட்டும் பெரிது: சுயாதீனத் தொலைக்காட்சி. அந்தச் சுயாதீனம் இரண்டு மாதங்கூட நிலைக்கவில்லை. ஜூன் 5 ஆம் நாள் அரசாங்கம் அதனைத் தன் உடைமையாக்கிக் கொண்டது.

“முதலாளியிடமிருந்து பறித்து நாட்டுக்குக் கொடுத்தார்கள், இதில் முற்போக்காளருக்கு என்ன குறை?” என்று எம் நண்பர் சிலர் கேட்கின்றனர். பறித்தவர் யார் என்பதை அவர்கள் எண்ணிப் பார்க்க வேண்டும். திறந்த பொருளாதாரத்தைக் கொணர்ந்த ஜே. ஆர். ஜெயவர்த்தனவின் ஆட்சி அது. நிறுவனர் ஷானின் உடன்பிறப்பு ரணில் அவ்வாட்சியில் அமைச்சராக வீற்றிருந்தார். ஒரே வர்க்கத்தின் ஒரு கையிலிருந்து மறு கைக்கு ஒரு கருவி மாறியது. உழைக்கும் மக்களின் விரல் அதிற் படவேயில்லை. 1992 இல் அதே நிலையம் அரசுக்குச் சொந்தமான கம்பனியாக்கப்பட்டது. 2009 இல், போர் முடிந்த அதே ஆண்டில், அக்கம்பனி ‘வசந்தம்’ என்னும் தமிழ் அலைவரிசையைத் திறந்தது. மொழி எமது, உடைமை எவருடையது?

மூதூரிலிருந்து எழுதும் எமக்கு இது ஏட்டுக் கேள்வியன்று. 2006 ஆகஸ்ட்டில் இவ்வூரிற் போர் மூண்டபோது தமிழரும் முஸ்லிம்களும் ஊரைவிட்டு ஓடினர். தொண்டு நிறுவனப் பணியாளர் 17 பேர் இங்கே சுட்டுக் கொல்லப்பட்டனர். அயலிலுள்ள சம்பூர் மக்கள் தம் நிலத்தைப் பல்லாண்டுகளுக்கு இழந்தனர். அந்நிலத்தில் நிலக்கரி அனல்மின் நிலையம் அமைக்க முயன்ற திட்டம், மக்களின் எதிர்ப்பின் பின், 2016 இற் கைவிடப்பட்டது. இவையனைத்தும் கொழும்பின் ஆசிரிய பீடங்கள் அளந்து விட்ட அளவிலேயே நாட்டின் திரைகளுக்குச் சென்றன. கொட்டியாரக் குடாவின் மீனவனும் வயற்காரனும் அத்திரையில் அழுவதற்கு அழைக்கப்படுகின்றனர்; பேசுவதற்கு அழைக்கப்படுவதில்லை.

ஒலிபரப்புக் கருவி இம்மாவட்டம் காணாத பொருளுமன்று. ஜெர்மனியின் ‘டொய்ச்ச வெல்ல’ வானொலி 1980களில் திருகோணமலையில் மாபெரும் சிற்றலை அஞ்சல் நிலையமொன்றை நிறுவி ஆசிய நாடுகளுக்குப் பேசியது. 2013 இல் அது இலங்கை ஒலிபரப்புக் கூட்டுத்தாபனத்தின் கைக்கு வந்தது. உலகை எட்டும் வலு எம் மண்ணில் நின்றது; பக்கத்துக் கிராமத்தை எட்டும் வலு எமக்குக் கிடைக்கவில்லை!

மக்களால் நிலையம் நடத்த இயலுமா என்று நகைப்போர் குஜராத்தின் கேடா மாவட்டத்தைப் பார்க்கட்டும். அங்கே பீஜ் என்னும் கிராமத்தில் 1975 இல் ஒரு கிலோவாற் பரப்பியொன்று நிறுவப்பட்டது. விண்வெளி ஆராய்ச்சி நிறுவனத்தார் கிராமத்தவரோடு கூடி நிகழ்ச்சிகளை ஆக்கினர். கூலியும் சாதிக் கொடுமையும் அங்கே நாடகமாயின. யுனெஸ்கோவின் பரிசும் வந்தது. ஆயினும் 1985 இல் அப்பரப்பியை நிறுத்தி, சென்னையின் இரண்டாம் அலைவரிசைக்காகக் கொண்டு சென்றனர். ஊரார் எதிர்த்துக் கிளர்ந்தும் பயனில்லை. நிகழ்ச்சி ஊராருடையது, பரப்பி டெல்லியுடையது. (தமிழ் நகரமொன்றுக்கு வந்ததென்று நாம் மகிழ்வதற்கும் இதில் ஒன்றுமில்லை.)

கைப்பேசி இருக்கையில் நிலையம் எதற்கு என்பாரும் உளர். கைப்பேசியிற் காணும் மேடைகள் அமெரிக்கக் கம்பனிகளின் உடைமை. எசமானன் தொலைவிலிருப்பதால் அவன் எசமானன் அல்லாமற் போவானா?

1997 இல் ஒலிபரப்பு அதிகாரசபைச் சட்டமூலத்தை ஆராய்ந்த உயர் நீதிமன்றம், அலைவரிசைகள் பொதுமக்களின் சொத்து, அரசாங்கம் அதன் நம்பிக்கைப் பொறுப்பாளர் மட்டுமே என்று தெளிவாக உரைத்தது. 1982 ஆம் ஆண்டின் ரூபவாஹினிச் சட்டமோ தனியார் நிலையங்களுக்கு உரிமம் வழங்கும் அதிகாரத்தை அமைச்சரிடம் ஒப்படைத்தது. அவ்வுரிமங்கள் பெருவணிகரைச் சேர்ந்தன. மீனவர், விவசாயிகள், ஆசிரியர் கூடிய கூட்டுறவுச் சங்கம் ஒரு பிரதேசத்துக்கெனச் சிறுவலு நிலையம் நடத்தச் சட்டத்தில் இடம் வேண்டும். பரப்பியும் உரிமமும் அச்சங்கத்தின் பெயரிலேயே எழுதப்படல் வேண்டும். ஆசிரியர் சங்கங்கள் தம் அடுத்த மாநாட்டுத் தீர்மானங்களில், சம்பளக் கோரிக்கைக்குப் பக்கத்திலேயே, இதனையும் சேர்க்கட்டும்.