நிரந்தரம் யாருக்குப் பகை?

2025 ஆகஸ்டில் சென்னை மாநகராட்சியின் ராயபுரம், திரு.வி.க. நகர் மண்டலங்களின் தூய்மைப் பணியாளர்கள் மாநகராட்சித் தலைமையகமான ரிப்பன் மாளிகை வாசலில் இரவும் பகலும் உட்கார்ந்தார்கள். தூய்மைப் பணியைத் தனியாரிடம் விடாதே, பணி நிரந்தரம் செய் என்பது கோரிக்கை. உயர் நீதிமன்ற உத்தரவைக் காட்டி 13ஆம் தேதி நள்ளிரவில் போலீஸ் அவர்களை அப்புறப்படுத்தியது. இந்தப் பணியாளர்களில் பெரும்பாலோர் தலித்துகள். நிரந்தரமாக்கினால் குப்பை அள்ளுவது குலத்தொழிலாகவே நீடிக்கும் என்று பிறகு ஒரு வாதம் கிளம்பியது. எனக்கு உடன்பாடில்லை. ஒப்பந்தக்காரர் வந்தாலும் துடைப்பம் அதே சாதியின் கையில்தானே இருக்கிறது? போவது வேலை உறுதி மட்டும்தான். துறைமுகமும் ஆலைகளும் சூழ்ந்த வடசென்னையில் இவர்களின் பிள்ளைகள் வேறு வேலைக்குப் போகப் படிப்பு வேண்டும்; படிக்கவைக்க மாதம் தவறாத சம்பளம் வேண்டும். குலத்தொழிலை ஒழிக்க நினைப்பவர்கள், எல்லாச் சாதியினரும் போட்டிபோட்டு விண்ணப்பிக்கும் அளவுக்கு இந்த வேலையின் ஊதியத்தை உயர்த்தட்டும்.