சீமை மோட்டார் சைக்கிளும் உள்ளூர்ச் சட்டமும்

அக்கரைச் சீமைக்குப் போய்ப் பாடுபட்டுத் திரும்புகிறவர்களின் மனத்தில் பலவித ஆசைகள் உண்டு. ஒருவருக்குச் சொந்த வீடு. ஒருவருக்குத் தங்கையின் கலியாணம். இளைஞர் சிலருக்கோ, அங்கே ஆசையோடு ஓட்டிய மோட்டார் சைக்கிளை ஊருக்குக் கொண்டுவந்து, பிறந்த தெருவில் ஒரு சுற்றுச் சுற்றி வர வேண்டும் என்பது ஆசை.

அதில் தவறு ஒன்றும் இல்லை. உழைத்துச் சம்பாதித்த காசு. விரும்பி வாங்கிய பொருள். யார் என்ன சொல்ல முடியும்?

ஆனால் மோட்டார் சைக்கிள் என்பது கைக்கடிகாரம் அல்ல. பெட்டியில் வைத்துக் கொண்டுவந்து மறுநாளே கட்டிக்கொள்வதற்கு! வண்டியைக் கப்பலில் ஏற்றுவது சுலபம். சென்னைத் துறைமுகத்தில் இறக்குவதும் பெரிய காரியம் அல்ல. அதற்கு ஒரு நம்பர் வாங்கித் தெருவில் ஓட்டுவதுதான் மலையைப் புரட்டும் வேலை. இது பலருக்குத் தெரிவது எப்போது? பணம் முழுவதையும் கட்டிவிட்ட பிறகு!

சட்டத்தில் பிசகு இருக்கிறதா? வாங்குகிறவரிடம் பிசகு இருக்கிறதா? இரண்டையும் சற்று நிதானமாகப் பார்க்க வேண்டும்.

சலுகை இல்லாத சாமான்

வெளிநாட்டிலிருந்து வரும் பிரயாணிகளின் சாமான்களுக்குச் சுங்க இலாகா சில சலுகைகள் தருகிறது. மோட்டார் வாகனம் அந்தச் சலுகையில் சேராது. "என் சொந்த வண்டி, நானே ஓட்டியது" என்று சொல்லிப் பயன் இல்லை. வரி கட்டியே தீர வேண்டும்.

வரி எவ்வளவு? 2025 பிப்ரவரி பட்ஜெட்டில், முழு வண்டியாக வரும் புதிய மோட்டார் சைக்கிளுக்கு, எஞ்சின் 1,600 சி.சி. வரை இருந்தால் 40 சதவீதம், அதற்கு மேல் போனால் 30 சதவீதம் என்று அடிப்படைச் சுங்க வரி குறைக்கப்பட்டது. அதே ஆண்டு செப்டம்பர் 22 முதல், 350 சி.சி.க்கு மேற்பட்ட வண்டிகளுக்கு ஜி.எஸ்.டி. 40 சதவீதம் ஆயிற்று.

இந்த விகிதத்தில் ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 1,000 சி.சி. வண்டி ஒன்று, துறைமுகம் வந்து சேரும்போது 10 லட்சம் ரூபாய் மதிப்பு என்று வைத்துக்கொள்வோம். சுங்க வரி 4 லட்சம். ஆக 14 லட்சம். ஜி.எஸ்.டி. வண்டியின் விலைக்கு மட்டும் அல்ல. சுங்க வரியையும் சேர்த்து, 14 லட்சத்தின் மேல் போடப்படும். அது 5 லட்சத்து 60 ஆயிரம். மொத்தம் 19 லட்சத்து 60 ஆயிரம்! துறைமுகச் செலவும், தமிழ்நாட்டின் சாலை வரியும், இன்ஷூரன்சும் இதற்கு மேல். 10 லட்சத்து வண்டி 20 லட்சத்தைத் தாண்டிப் போகிறது.

இது புது வண்டியின் கணக்கு. ஓட்டிய வண்டிக்கு வரி இன்னும் கடுமை.

புதிது எது? பழையது எது?

சுங்க வரியைக் கட்டிவிட்டால் கதவு திறந்துவிடுமா? திறக்காது. இறக்குமதிக் கொள்கை என்ற பூட்டு ஒன்று தனியாக இருக்கிறது.

புது வண்டி என்றால், எந்த நாட்டிலும் பதிவு ஆகியிருக்கக் கூடாது. முன்பு யாருக்கும் விற்கப்பட்டிருக்கக் கூடாது. தயாரான நாட்டிலிருந்தே வர வேண்டும். ஜப்பானில் செய்த வண்டியை துபாய்க் கடையில் வாங்கி அனுப்பினால், அங்கேயே சிக்கல் ஆரம்பம்.

பழைய வண்டி என்றால், செய்து மூன்று ஆண்டுக்கு மேல் ஆகியிருக்கக் கூடாது. இன்னும் ஐந்து ஆண்டுகளாவது சாலையில் ஓடத் தகுதி உள்ளது என்று, கப்பல் ஏறும் முன்பே சான்று பெற வேண்டும். இந்தியா வந்த பிறகும், சுங்கத்திலிருந்து விடுபடும் முன், சோதனைச் சாலையில் தேற வேண்டும்.

வெளிநாட்டில் தொடர்ந்து இரண்டு ஆண்டு இருந்துவிட்டு, நிரந்தரமாகத் தாயகம் திரும்புகிறவர்களுக்குத் தனி ஏற்பாடு ஒன்று உண்டு. வண்டி ஓராண்டாவது அவர் வசம் இருந்திருக்க வேண்டும். ஆனால் அந்த ஏற்பாடு நிபந்தனைகள் சிலவற்றைத்தான் தளர்த்துகிறது. வரியைத் தள்ளுபடி செய்வதில்லை.

விதியை மீறி வந்த சரக்கைப் பறிமுதல் செய்ய 1962-ம் ஆண்டின் சுங்கச் சட்டம் இடம் தருகிறது. அதற்குள் கிடங்கு வாடகை வேறு நாளுக்கு நாள் ஏறும்!

விதியின் பின்னால் மனிதர்

இத்தனை கெடுபிடி எதற்கு என்று கேட்கலாம். ஒவ்வொரு விதியின் பின்னாலும் ஒரு மனிதர் நிற்கிறார் என்பதுதான் பதில்.

முகப்பு விளக்கை எடுத்துக்கொள்ளுங்கள். துபாயிலும் குவைத்திலும் சாலையின் வலப்பக்கம் ஓட்டுகிறார்கள். இங்கே இடப்பக்கம். வலப்பக்கச் சாலைக்கென்று செய்த விளக்குகளில், வெளிச்சம் வலது ஓரத்தில் சற்று உயர்ந்து விழும்படி அமைப்பது வழக்கம். அங்கே அது நடைபாதையைக் காட்டும். இங்கே அதே வெளிச்சம் எதிரே வருகிறவரின் கண்ணில் போய் விழும்! இரவு நேரத்தில், ஒற்றைச் சாலையில், மனைவி மக்களோடு வருகிற ஒருவருக்குக் கண் கூசினால் என்ன ஆகும்? அதனால்தான் விளக்கு இடப்பக்கப் போக்குவரத்துக்கு ஏற்றதாக இருக்க வேண்டும் என்கிறது விதி. வேகமானியில் மைல் கணக்கு உதவாது, கிலோமீட்டர் வேண்டும் என்பதும் இத்தகையதே.

இன்னொன்று, நம் வீட்டுப் பெண்களைப் பற்றியது. மத்திய மோட்டார் வாகன விதிகளில் 123-வது விதி ஒன்று உண்டு. பின்னால் உட்காருகிறவருக்குக் கைப்பிடி வேண்டும். கால் வைக்கப் படி வேண்டும். பின்சக்கரத்தில் பாதியாவது மூடியிருக்கும்படி தடுப்பு வேண்டும் என்பது அந்த விதி. எல்லோரும் 'சாரி கார்டு' என்று சொல்வது இதைத்தான். சேலைத் தலைப்போ தாவணியோ சக்கரத்தில் சிக்கி, ஒரு நொடியில் குடும்பம் குலைந்து போகாமல் காப்பது அந்தச் சிறிய இரும்புத் தடுப்பு. ஜெர்மனியிலும் அமெரிக்காவிலும் வண்டி செய்கிறவருக்குச் சேலை ஞாபகம் வருமா? அந்த ஞாபகத்தை இங்குள்ள சட்டம்தான் ஊட்ட வேண்டும்.

குறுக்கு வழி

இவ்வளவையும் பார்த்து மலைத்துப் போகிறவர்களைக் குறுக்கு வழிக்கு அழைக்கத் தரகர்கள் இருக்கிறார்கள். வண்டியைக் கழற்றி 'உதிரிப் பாகம்' என்று எழுதிக் கொண்டுவருவது, இங்கே பூட்டிக்கொள்வது, வேறொரு வண்டியின் நம்பரை மாட்டிக்கொள்வது என்று எத்தனையோ தந்திரம்! பாதி விலைக்குக் கிடைக்கிறது என்று மயங்குகிறவர்கள், பாதி விலை ஏன் என்று யோசிப்பதில்லை.

பதிவு இல்லாத வண்டியைச் சாலையில் ஓட்டக் கூடாது என்கிறது 1988-ம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டம். பிடிபட்டால் முதல் தடவை 5,000 ரூபாய் வரை அபராதம். மறுபடி பிடிபட்டால் சிறைக்கும் இடம் உண்டு.

அபராதம் போகட்டும்; பணத்தோடு தீர்ந்துவிடும். ஆனால் விபத்து என்று ஒன்று நேர்ந்தால்? பதிவு இல்லாமல் வண்டியைச் சாலையில் ஓட்டுவது, இன்ஷூரன்சு ஒப்பந்தத்தின் அடிப்படையையே மீறும் செயல் என்று 2014-ல் சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்புச் சொல்லியிருக்கிறது. வண்டியின் நஷ்டத்தைக் கம்பெனியிடம் கேட்க முடியாது. திருட்டுத்தனமாக வந்த வண்டிக்கு ஒழுங்கான இன்ஷூரன்சே இருக்காது. அந்த வண்டியில் அடிபட்டு ஒரு கூலித் தொழிலாளி கால் இழந்தால், அவருடைய பிள்ளைகள் யாரிடம் போய் நிற்பார்கள்? நம்பர் தகடு என்பது வண்டிக்காரருக்குப் பெருமைச் சின்னம் மட்டும் அல்ல. முன்பின் தெரியாத வழிப்போக்கருக்கு அவர் எழுதிக் கொடுத்திருக்கும் உறுதிச் சீட்டு அது.

பெரியவருக்கு ஒரு வழி

ஆகவே விதி வேண்டும். அதில் சந்தேகம் இல்லை. ஆனால் அந்த விதி எல்லோருக்கும் ஒரே மாதிரி வளைகிறதா என்று கேட்டால், இல்லை என்றுதான் சொல்ல வேண்டியிருக்கிறது.

அமெரிக்காவின் ஹார்லி டேவிட்சன் வண்டிகள் இந்தியாவுக்குள் வர ஒரு காலத்தில் புகை விதி தடையாக இருந்தது. 2007-ல், 800 சி.சி.க்கு மேற்பட்ட வண்டிகள் ஐரோப்பியப் புகை விதிக்கு உட்பட்டிருந்தால் போதும் என்று வழி திறக்கப்பட்டது. அதே ஆண்டு இந்திய மாம்பழத்துக்கு அமெரிக்கா கதவு திறந்தது! இரண்டு சர்க்கார்கள் உட்கார்ந்து பேசினார்கள். மாம்பழம் அங்கே போயிற்று. மோட்டார் சைக்கிளுக்கு இங்கே வழி பிறந்தது.

2018-ல் இன்னொரு சலுகை வந்தது. ஐரோப்பா, ஜப்பான் முதலிய இடங்களின் தரத்தில் தேறிய வண்டிகளை, தயாரிப்பாளரோ அவருடைய பிரதிநிதியோ ஆண்டுக்கு 2,500 வரை இங்குள்ள மாதிரிச் சோதனை இல்லாமலே கொண்டுவரலாம் என்று விதி திருத்தப்பட்டது.

இவை தவறு என்று சொல்வதற்கில்லை. அயல்நாட்டில் தேறிய வண்டியை மீண்டும் மீண்டும் சோதிப்பதில் அர்த்தம் இல்லைதான். ஆனால் கம்பெனிக்கு 2,500 வண்டிக்குச் சலுகை உண்டு. அதே தரத்தில் தேறிய ஒரே ஒரு வண்டியோடு ஊர் திரும்பும் தொழிலாளிக்கு அந்தச் சலுகை இல்லை! கம்பெனிக்கு வக்கீல் இருக்கிறார், கணக்கர் இருக்கிறார். தனி மனிதருக்குத் தரகர்தான் இருக்கிறார்.

செய்ய வேண்டியவை மூன்று

சர்க்கார் செய்ய வேண்டியது பெரிய காரியம் ஒன்றும் அல்ல.

முதலாவது, விதி முழுவதையும் ஒரே தாளில், தமிழில், சாதாரண மனிதருக்கு விளங்கும்படி அச்சிட வேண்டும். வர்த்தக இலாகாவின் அறிவிப்பு ஒரு பக்கம், சுங்க இலாகாவின் கட்டளை ஒரு பக்கம், போக்குவரத்து இலாகாவின் விதி ஒரு பக்கம் என்று சிதறிக் கிடக்கும் வரை, தரகர்களுக்குத்தான் கொண்டாட்டம்.

இரண்டாவது, கப்பல் ஏறும் முன்பே பதில் வேண்டும். வண்டியின் சேசிஸ் நம்பர், செய்த ஆண்டு, நாடு ஆகியவற்றை எழுதி அனுப்பினால், "பதிவு ஆகும்" அல்லது "ஆகாது" என்று எழுத்து மூலம் சொல்ல வேண்டும். வந்து இறங்கிய பிறகு "ஆகாது" என்று சொல்வது, பந்தியில் உட்கார்ந்தவரை எழுப்பி அனுப்புவது போல் அல்லவா?

மூன்றாவது, சோதனை அருகிலேயே நடக்க வேண்டும். பழைய வண்டிச் சோதனைக்கு இறக்குமதிக் கொள்கை பேர் சொல்லிக் குறிப்பிடும் இடங்கள், மகாராஷ்டிரத்தில் உள்ள புனாவும் அகமதுநகரும், மத்தியப் பிரதேசத்தில் உள்ள புத்னியும். சென்னைக்குப் பக்கத்தில் ஒரகடத்திலேயே மத்திய சர்க்காரின் பெரிய மோட்டார் ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. சென்னையில் இறங்கும் வண்டிக்கு எல்லாச் சோதனையும் அங்கேயே தொடங்கி, அங்கேயே முடிய வேண்டும்.

வாங்குகிறவருக்கு

வண்டி வாங்குகிறவருக்கும் ஒரு வார்த்தை. ஆழம் தெரியாமல் காலை விடக் கூடாது. முதலில் விதி, பிறகு வரிக் கணக்கு, கடைசியில்தான் பணம். செய்த தேதியும் சேசிஸ் நம்பரும் எழுத்தில் வராமல் ஒரு ரூபாயும் கொடுக்கலாகாது. இந்தியாவில் விற்பனையாகும் வண்டியா என்றும் விசாரித்துப் பார்க்க வேண்டும். இங்கே கிடைப்பதை அங்கே வாங்கிச் சுமந்து வருவது, கொல்லன் தெருவில் ஊசி விற்கிற கதைதான்.

சென்னை வாசிகளுக்கு இதில் ஒரு பழைய பாடம் இருக்கிறது. 1955-ல் 'என்பீல்டு இந்தியா' கம்பெனி சென்னையில் பிறந்தபோது, புல்லட்டின் பாகங்கள் இங்கிலாந்திலிருந்து வந்தன. திருவொற்றியூரில் அவற்றைப் பூட்டினார்கள். பிறகு முழு வண்டியையும் இங்கேயே செய்யக் கற்றார்கள். 1977-ல் அதே புல்லட் இங்கிலாந்துக்கே ஏற்றுமதி ஆயிற்று! பின்னாளில் ஐரோப்பாவின் புகை விதி இறுகியபோது, பல்லாண்டுகளாகப் பெயர் வாங்கிய வார்ப்பிரும்பு எஞ்சினையே விட்டுவிட்டுப் புது எஞ்சினுக்கு மாறினார்கள். "எங்கள் வண்டிக்கு உங்கள் சட்டம் எதற்கு?" என்று அவர்கள் கேட்கவில்லை.

சென்னை வண்டி சீமைக்குப் போகும்போது அந்த ஊர்ச் சட்டத்துக்குக் கட்டுப்படுகிறது. சீமை வண்டி சென்னைக்கு வரும்போது இந்த ஊர்ச் சட்டத்துக்குக் கட்டுப்படுவதுதான் நியாயம். அந்தச் சட்டம் என்ன என்பதை, வண்டி வருவதற்கு முன்பே, தெளிவாகச் சொல்லிவிட வேண்டியதும் அதே அளவு நியாயம்!