அறிவிப்புகளுக்கு ஒரு பொதுவாசல்: கோவை மாவட்ட ஆட்சியருக்குத் திறந்த மடல்

மதிப்பிற்குரிய கோயம்புத்தூர் மாவட்ட ஆட்சியர் அவர்களுக்கு,



கனமழை நாளில் பள்ளிகளுக்கு விடுமுறை உண்டா, பில்லூர் அணையின் உபரிநீர் திறக்கப்பட்டதால் மேட்டுப்பாளையத்தின் பவானிக் கரையோர மக்கள் வெளியேற வேண்டுமா என்பன போன்ற செய்திகளைப் பெரும்பாலோர் இன்று வாட்ஸ்அப், ஃபேஸ்புக், எக்ஸ் ஆகிய தளங்களின் வழியாகவே அறிகின்றனர். முதல் இரண்டும் மெட்டா நிறுவனத்திற்கும் மூன்றாவது ஈலான் மஸ்க்கின் நிறுவனத்திற்கும் உரியவை. மாவட்ட நிர்வாகத்தின் குரல் மக்களை எட்டும் பாதையின் சாவி இவ்விரு நிறுவனங்களின் கையில் இருப்பது முறையா என்பதே இம்மடல் முன்வைக்கும் கேள்வி.

சாவி பிறர் கையில் இருப்பதன் விளைவுகள் ஏற்கெனவே தெரிந்தவைதாம். 2021 அக்டோபர் 4 அன்று மெட்டாவின் தளங்கள் அனைத்தும் ஏறத்தாழ ஆறு மணி நேரம் முடங்கின. 2023 ஏப்ரலில், அப்போது ட்விட்டர் எனப்பட்ட எக்ஸ் தளம் தானியங்கிப் பதிவுகளுக்குக் கட்டணம் விதித்தபோது, நியூயார்க் பெருநகரப் போக்குவரத்து ஆணையம் ரயில் தாமத அறிவிப்புகளை அத்தளத்தில் வெளியிடுவதையே நிறுத்தியது. அதன் பின்னரே பொதுச் சேவைகளுக்கு விலக்கு கிடைத்தது. அதே ஆண்டு ஜூன் இறுதியில், கணக்கு இல்லாதவர் எவரும் பதிவுகளைப் பார்க்க இயலாதபடி அத்தளம் சில நாட்கள் கதவடைத்தது. நியூயார்க்கிற்கே இந்த நிலை என்றால், வால்பாறைக்கோ ஆனைமலைக்கோ தனிச்சலுகை கிடைக்கும் என்று எதிர்பார்ப்பதற்கில்லை.

உள்ளூர் வழக்கம் ஒன்று இச்சிக்கலைப் பெரிதாக்குகிறது. கணினியில் ஒருங்குறியில் (யூனிகோடில்) தட்டச்சான செய்திக்குறிப்பு அச்சிடப்பட்டு, கையொப்பமும் முத்திரையும் பெற்று, கைப்பேசியில் படமெடுக்கப்பட்டு, அந்தப் படமாகவே வாட்ஸ்அப் குழுக்களில் பகிரப்படுகிறது. எழுத்தாகப் பிறந்த செய்தி இவ்வாறு படமாகிவிடுவதால், அதைத் தேடுபொறியில் தேடி எடுப்பது கடினமாகிறது. பார்வையற்றோர் பயன்படுத்தும் திரைவாசிப்பான் செயலிகளும் அதைப் படிப்பதில் தடுமாறுகின்றன. சென்ற ஆண்டின் படத்தை இந்த ஆண்டினது என்று எவரேனும் பரப்பினால், ஒப்பிட்டுச் சரிபார்க்க மூலமும் எளிதில் கிட்டுவதில்லை.

இத்தகைய சிறைப்படுதலிலிருந்து தமிழ் ஒருமுறை மீண்டதற்குக் கோவையே சாட்சி. ஒவ்வொரு எழுத்துரு நிறுவனமும் தனித்தனிக் குறியேற்றம் (எழுத்துகளைக் கணினி எண்களாகச் சேமிக்கும் முறை) வைத்திருந்த காலத்தில், ஒரு நிறுவனத்தின் எழுத்துருவில் எழுதிய கோப்பு இன்னொன்றில் புரியாத குறிகளாகத் திறந்தது. 2010 ஜூன் மாதம் கொடிசியா வளாகத்தில் உலகத் தமிழ்ச் செம்மொழி மாநாடும் அதனுடன் தமிழ் இணைய மாநாடும் நடந்தபோதுதான், எவருக்கும் தனியுடைமையாகாத ஒருங்குறியைத் தமிழக அரசு தன் தரமாக ஏற்று ஆணையிட்டது. எழுத்துக்கு அன்று வகுக்கப்பட்ட பொதுத் தரம், அந்த எழுத்து மக்களைச் சென்றடையும் வழிக்கும் இன்று தேவைப்படுகிறது.

உள்நாட்டுச் செயலி ஒன்றுக்கு மாறினால் போதும் என்ற வாதம் அரை உண்மையே. ட்விட்டருக்கு மாற்றாக 2020இல் பெங்களூரில் தொடங்கி, அமைச்சர்களும் அரசுத் துறைகளும் கணக்கு வைத்திருந்த கூ தளம் 2024 ஜூலையில் மூடப்பட்டபோது, அங்கே சேர்ந்திருந்த வாசகர் வட்டத்தை வேறிடம் கொண்டுசெல்ல வழியில்லாமற் போயிற்று. ஸோஹோ நிறுவனத்தின் ‘அரட்டை’ செயலி 2025 செப்டம்பரில் திடீர்ப் புகழ் பெற்ற வேளையில் அந்நிறுவனத்தை நிறுவியவர்களுள் ஒருவரான ஸ்ரீதர் வேம்புவே, செய்திச் செயலிகள் யுபிஐயையும் மின்னஞ்சலையும் போல ஒன்றோடொன்று பேசும் திறன் பெற வேண்டும் என்று வலியுறுத்தினார். உக்கடத்துத் தேநீர்க் கடையில் ஒட்டியிருப்பது போன்பே நிறுவனத்தின் அட்டையாக இருந்தாலும் கூகுள் பே வழியாகப் பணம் செலுத்த முடிவதற்குக் காரணம், இரண்டும் யுபிஐ என்னும் ஒரே பொது நெறிமுறையை, அதாவது எல்லாச் செயலிகளுக்கும் பொதுவான தொடர்பு விதிகளை, பின்பற்றுவதேயாகும்.

வணிகத்தில் இந்நெறியை முதலில் சோதித்த ஊர்களுள் கோவையும் ஒன்று. விற்பவர் ஒரு செயலியிலும் வாங்குபவர் வேறொரு செயலியிலும் இருந்தபடியே வணிகம் செய்ய வழிவகுக்கும் ஓஎன்டிசி என்னும் திறந்த வலையமைப்பு, 2022 ஏப்ரல் இறுதியில் டெல்லி, பெங்களூர், போபால், ஷில்லாங், கோவை ஆகிய ஐந்து நகரங்களில்தான் வெள்ளோட்டம் விடப்பட்டது.

சமூக வலைத்தளங்களிலும் இதற்கு நிகரான ஏற்பாடு உண்டு. உலகளாவிய வலைக் கூட்டமைப்பு 2018 ஜனவரியில் தரமாக ஏற்ற ஆக்டிவிட்டிபப் நெறிமுறையின்படி இயங்கும் மாஸ்டடான் போன்ற மென்பொருள்களை எந்த நிறுவனமும் தன் வழங்கியிலேயே (சர்வரிலேயே) நிறுவிக்கொள்ளலாம். அதில் வெளியாகும் பதிவை வேறு வழங்கிகளில் கணக்கு வைத்திருப்போர் பின்தொடரலாம். கணக்கே இல்லாதவரும் உலாவியில் படிக்கலாம். ஜெர்மனியின் கூட்டாட்சித் தரவுப் பாதுகாப்பு ஆணையமும் நெதர்லாந்து அரசும் இவ்வாறே தமக்கென வழங்கிகளை நிறுவியுள்ளன.

இம்மாற்று வழிக்கும் ஒரு வரம்பு உண்டு. 2019 நவம்பரில் மூத்த வழக்கறிஞர் சஞ்சய் ஹெக்டேயின் ட்விட்டர் கணக்கு முடக்கப்பட்டதையொட்டி இந்தியர் பலர் மாஸ்டடானுக்குச் சென்றனர். உறவும் நட்பும் பழைய இடத்திலேயே இருந்ததால் பெரும்பாலோர் திரும்பினர். சிறுமுகை நெசவாளர் புடவைப் படங்களை வாட்ஸ்அப்பில் அனுப்புவதும் வாடிக்கையாளர் அங்கே இருப்பதனால்தான்; அவரைத் தனியே வெளியேறச் சொல்வது பிழைப்பை விடச் சொல்வதாகும். அரசு அலுவலகத்தின் நிலை வேறு: விடுமுறை அறிவிப்பு எங்கே முதலில் வருகிறதோ அங்கே பெற்றோர் தாமாகவே வருவர். ஆகவே முதலடி எடுத்துவைக்கும் வலிமையும் கடமையும் அலுவலகத்திற்கே உரியவை.

எனவே மாவட்ட நிர்வாகத்திடம் நான்கு வேண்டுகோள்கள் வைக்கப்படுகின்றன. முதலாவது, ஒவ்வொரு அறிவிப்பும் மாவட்ட இணையதளத்தில் ஒருங்குறி எழுத்தாக, நாளும் நேரமும் குறித்து முதலில் வெளியாக வேண்டும். மற்ற தளங்களில் அதன் இணைப்பு மட்டும் பகிரப்பட வேண்டும். இரண்டாவது, புதிய அறிவிப்புகளை எந்தச் செயலியும் தானாகப் பெற்றுக்கொள்ள உதவும் செய்தியோடை வசதி அத்தளத்தில் அமைய வேண்டும். மூன்றாவது, தேசியத் தகவலியல் மையத்தின் துணையுடன் மாவட்டத்திற்கென ஒரு மாஸ்டடான் கணக்கு சோதனை முறையில் தொடங்கப்பட வேண்டும். நான்காவது, திங்கட்கிழமை மக்கள் குறைதீர்க்கும் நாளில் மனு அளிப்போர் எவரும் பதிலைப் பெறுவதற்கு ஒரு குறிப்பிட்ட நிறுவனத்தின் செயலி நிபந்தனையாகக் கூடாது.

இவற்றால் வாட்ஸ்அப் குழு எதையும் கலைக்க வேண்டியதில்லை. புதிய சட்டமும் தேவையில்லை. முதல் வேண்டுகோளை நாளையே நடைமுறைப்படுத்த ஆட்சியரின் சுற்றறிக்கை ஒன்று போதும். அடுத்த பருவமழைக்கு முன்பாக அச்சுற்றறிக்கை வெளிவர ஆவன செய்யுமாறு பணிவுடன் கேட்டுக்கொள்ளப்படுகிறது.