முதல் தாள் எங்கே?

போன வாரம் பேரன் ஒரு ஸ்பைரல் நோட்டோடு வந்தான். டவுனில் கம்ப்யூட்டர் வகுப்பில் கொடுத்தார்களாம், நூற்றைம்பது ரூபாய். நாலு பக்கம் புரட்டியதுமே எனக்குத் தெரிந்துவிட்டது. து. நித்யா எழுதி, கணியம் இலவசமாக வெளியிட்ட 'எளிய தமிழில் மைஎஸ்கியூஎல்'. எழுதியவர் பெயரும் இல்லை, உரிமைக் குறிப்பும் இல்லை. முதல் தாளில் வகுப்பு நடத்துகிறவரின் போட்டோ!

நேரில் போய்க் கேட்டேன். "சும்மா கிடைக்கிறதுதானே சார், அதுக்கு எதுக்குப் பேரு? உப்பு மூட்டையில பாத்தி மிதிச்சவன் பேரா போடறாங்க?" என்றார்.

மரக்காணத்துப் பக்கத்து ஆளிடம் உப்புக் கதை! பாத்தி மிதிப்பவருக்குக் கூலி உண்டு, அது போதாது என்பது வேறு சண்டை. இவர்களுக்குக் கிடைப்பது அந்தப் பெயர் ஒன்றுதான்.

கணியம் 2012 முதல் வரும் இணைய இதழ். அதன் குறிப்பு என்ன சொல்கிறது? பகிரலாம், திருத்தலாம், விற்கவும் செய்யலாம். மூலத்தையும் எழுதியவரையும் சொல்ல வேண்டும், அதே உரிமையை அடுத்தவருக்கும் தர வேண்டும். ஆக, பணம் வாங்கியது தப்பில்லை. குறிப்பைக் கிழித்ததுதான் தப்பு. அது போனதால், நண்பனுக்குத் தாராளமாக நகல் கொடுக்கலாம் என்பதே என் பேரனுக்குத் தெரியாமல் போயிற்று.

1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டத்தின் கோப்புகளைப் பாருங்கள். தட்டச்சு செய்தவர், பிழை திருத்தியவர் எல்லாருக்கும் தலைப்பில் இடம் உண்டு. அந்தத் தலைப்புப் பக்கத்தை எடுக்காமல் யாருக்கும் கொடுக்கலாம் என்பதே நிபந்தனை.

புதுச்சேரியில் பிரெஞ்சு மீடியத்தில் படித்தவன் நான். அவர்கள் இதை 'த்ருவா மொரால்' என்பார்கள். நூலின் உரிமையை விற்றாலும் பெயரின் உரிமை எழுதியவரிடமே நிற்கும். நம்முடைய 1957-ஆம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டத்தின் 57-ஆவது பிரிவிலும் இது இருக்கிறது.

ஆபீசில் நான் எழுதிய குறிப்புகளின் ஓரத்தில் என் இனிஷியல் இருக்கும். ஒருதரம் கணக்கு தப்பானபோது அதைப் பார்த்துத்தான் என்னைத் தேடி வந்தார்கள், திருத்தினேன். இந்த நோட்டில் பிழை இருந்தால் பையன் யாரைத் தேடுவான்?

மூலத்தின் முதல் தாள்களைப் பிரிண்ட் எடுத்துப் பேரன் நோட்டில் ஒட்டினேன். அவனோடு படிக்கிற பதினோரு பேருக்கும் கொடுத்தனுப்பினேன். வகுப்புக்காரர் என்மேல் கோபமாக இருக்கிறாராம். இருக்கட்டும்.